மூன்றாவது குரல்

"ஈஸ்டர் சனி, 1976. மலையில். பனிமூட்டம் வருவதற்கு முன்."

ஒரு புகைப்படத்தின் பின்பக்கத்தில் அப்பா நீல மையால் எழுதிய குறிப்பு இது. அந்தக் காலத்து வண்ணப்படங்களுக்கு வரும் நோய் இதற்கும் வந்துவிட்டது. பச்சை மங்கிப் புல்வெளி பழுப்பாகவும், எங்கள் முகங்கள் செம்மஞ்சளாகவும் தெரிகின்றன. புல்லில் ஒரு கட்டம் போட்ட போர்வை. அதில் அம்மா, சேலைக்கு மேல் அப்பாவின் கோட்டைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். மடியில் ஒரு பிஸ்கட் தகரம். பக்கத்தில் நானும் தம்பியும். எனக்கு ஒன்பது வயது, அவனுக்கு நான்கு முடிந்திருந்தது. எங்களுக்குப் பின்னால் இலை சிவந்த ஓக் மரங்கள். அவற்றுக்கும் பின்னால் சீராக வெட்டிய ஒரு செடிவேலி. வேலிக்கு அப்பால் இருந்தது படத்தில் இல்லை.

அப்பா தன் படங்களின் பின்னால் நாளையும் இடத்தையும் மட்டுமே எழுதுபவர். தகரப்பெட்டியில் உள்ள படங்கள் எல்லாவற்றையும் புரட்டிப் பார்த்துவிட்டேன். 'முன்' என்ற சொல் இந்த ஒன்றில்தான் இருக்கிறது.

எழுபதுகளில் பெற்றோரின் கையைப் பிடித்துக்கொண்டு இந்த நாட்டில் வந்திறங்கிய என் வயதுக்காரருக்கு நான் அதிகம் விளக்க வேண்டியதில்லை. இன்று டண்டினொங் சந்தையில் முருங்கைக்காயைக் கிலோக் கணக்கில் அள்ளலாம். அன்று மிளகாய்த்தூள் ஊரிலிருந்து பார்சலில் வரவேண்டும். பிரித்துப் பார்த்த சுங்கக்காரர் இன்னும் தும்மிக்கொண்டிருப்பார் என்று அப்பா சொல்வார். சனி மதியத்தோடு கடைகள் பூட்டிவிடும். அதற்குப் பிறகு தெருவில் ஆள் நடமாட்டம் இராது. இத்தனை வீடுகள் வரிசையாக இருந்தும் ஒரு மனிதக் குரல் கேட்காத அந்த அமைதிதான் இந்த நாட்டில் எனக்கு வந்த முதல் பயம்.

இரண்டாவது பயம் கூரையில் இருந்தது. யாரோ மேலே குந்தியிருந்து இழுத்து இழுத்து மூச்சுவிடுவது போல ஒரு சத்தம். அது கேட்டதும் அம்மா எழுந்துவந்து தம்பியின் நெஞ்சில் காதை வைத்துப் பார்ப்பார். அது பொசம் என்ற பிராணி என்று பின்னர் தெரிந்துகொண்டோம். தெரிந்த பிறகும் அம்மா எழுந்து வருவதை நிறுத்தவில்லை.

காரணம், தம்பிக்கு இழுப்பு இருந்தது. யாழ்ப்பாணத்தில் மாரிக்கு மட்டும் வந்துபோன நோய், மெல்பேணில் குளிர் தொடங்கியதும் அவன் நெஞ்சிலேயே குடியேறிவிட்டது. டொக்டர் தந்த சிவப்புப் பாணிமருந்து எப்போதும் அம்மாவின் கைப்பையில் இருக்கும். அதோடு அம்மாவின் சொந்த வைத்தியமும் உண்டு. யூக்கலிப்ரஸ் தைலத்தை உள்ளங்கையில் விட்டுச் சூடு பறக்கத் தேய்த்து அவன் நெஞ்சிலும் முதுகிலும் பூசுவார். போர்வைகள், தலையணைகள், என் பள்ளிக்கூடக் கம்பளி ஜம்பர் எல்லாவற்றிலும் அந்த மணம்தான். வகுப்பில் என் பக்கத்துக் கதிரையில் இருந்த பிள்ளை மூக்கைப் பொத்திக்கொள்வாள்.

பக்கத்து வீட்டில் ஒரு வெள்ளைக்கார அன்ரியும் அங்கிளும் இருந்தார்கள். இங்கிலாந்தின் மேற்குப் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து வந்தவர்கள். அப்பா வரைபடம் வரையும் தொழிற்சாலையில் அங்கிள் ஃபோர்மன். அன்ரியின் வரவேற்பறையில் கணப்புக்கு மேலே ஒரு மலையின் படம் மாட்டியிருந்தது. மொட்டை உச்சி, சரிவெல்லாம் செம்மறிகள், அடிவாரத்தில் ஒரு தேவாலயத்தின் கூர்ங்கோபுரம். நாங்கள் தேநீருக்குப் போகும்போதெல்லாம் அன்ரி அதன் முன்னால் நின்று, வானம் தெளிந்த நாளில் அந்த உச்சியிலிருந்து எத்தனை மாவட்டங்கள் தெரியும் என்று சொல்வார். அந்த எண்ணிக்கை வரவரக் கூடிக்கொண்டே போயிற்று.

"இங்கேயும் அப்படி ஒன்று இருக்கிறது," என்றார் ஒருநாள். "ஓக், பீச், மேப்பிள் எல்லாம் எங்கள் ஆட்கள் கொண்டுவந்து நட்டவை. இங்கே ஏப்ரலில்தான் இலை சிவக்கும் காலம். அங்கே நின்றால் எந்த நாட்டில் நிற்கிறேன் என்பதே எனக்கு மறந்துவிடும்."

"தோட்டம் மட்டும்தான் இங்கிலாந்து," என்றார் அங்கிள். "வேலியைத் தாண்டினால் இந்த நாட்டுக் காடு. முழுக்க யூக்கலிப்ரஸ். ஈரமான நாளில் மலையே மணக்கும்."

அம்மா நிமிர்ந்து பார்த்தார். வீட்டுக்கு வந்ததும் அப்பாவிடம் சொன்னார்: "இஞ்சேருங்கோ, போத்தலில கிடக்கிறதையே இவ்வளவு நாளும் பூசிறம். மலை முழுக்க அந்தக் காத்தெண்டால் பிள்ளைக்கு எவ்வளவு நல்லது!"

"மலை ஏறத் தெரியுமே உமக்கு? நாங்கள் கண்ட உயரம் கிணத்துக்கட்டும் கோயில் கோபுரமும்தான்."

"நானே ஏறப்போறன்? கார்தானே ஏறும்."

இப்படித்தான் அது முடிவாயிற்று. குளிர்ந்த ஈரக்காற்று இழுப்புக்கு ஆகாது என்பது பெரியவர்கள் நால்வரில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

அம்மாவைப் பற்றி ஒன்று சொல்லிவிட வேண்டும். ஊரில் பெண்கள் பாடசாலையில் இரசாயனம் படிப்பித்தவர் அவர். சாத்திரம் கேட்கமாட்டார், நூல் கட்டமாட்டார். ஆனாலும் சில பழக்கங்களை அவர் விட்டதில்லை. பொரித்த பண்டத்தை வெளியே கொண்டுபோனால் பெட்டிக்குள் ஓர் இரும்பாணி போடுவார். பொரித்த மணத்தைப் பிடித்துக்கொண்டு பின்னால் வருவது இரும்புக்குக் கிட்ட வராதாம். மரங்கள் அடர்ந்த தனியிடத்தில் எங்களை முழுப்பெயர் சொல்லிக் கூப்பிடமாட்டார். அப்படியான இடத்தில் யாராவது எங்களைக் கூப்பிட்டால் நாங்களும் உடனே 'ஓம்' சொல்லக்கூடாது. ஒரே குரல் மூன்று தரம் கூப்பிட வேண்டும்.

"ஏனம்மா மூண்டு?" என்று ஒருமுறை கேட்டேன்.

"அதுக்கு ரண்டு தரத்துக்கு மேல கூப்பிட ஏலாது. மனிசர்தான் விடாமல் கூப்பிடுவினம்."

"அதெண்டால் எது?"

"அதைக் கேக்கிறேல்லை."

"தெரிஞ்ச ஆக்களின்ர குரலெண்டால்?"

"தெரிஞ்ச குரலிலதான் வரும். என்ர குரலிலயும் வரும்."

இதைச் சொல்லும்போது அம்மா குசினியில் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தார். கத்தி ஒரு கணமும் நிற்கவில்லை. பயமுறுத்தச் சொன்னதென்றால் கையை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்துச் சொல்லியிருப்பார். பல் விளக்கச் சொல்வதுபோலச் சாதாரணமாகச் சொன்னதால்தான் நான் முழுதாக நம்பினேன்.

ஈஸ்டர் சனிக்கிழமை காலை அங்கிளின் காரில் புறப்பட்டோம். டண்டினொங் என்ற ஊரும் நாங்கள் போன டண்டினொங் மலைகளும் ஒரே பெயரில் இருந்தாலும் ஒன்றுக்கொன்று தூரம். தொழிற்சாலைகளும் பழத்தோட்டங்களும் கடந்துபோனபின் பாதை வளைந்து வளைந்து ஏறத் தொடங்கியது. ஒரு பக்கம் மண்சுவர், மறுபக்கம் ஒன்றுமில்லை. அந்த ஒன்றுமில்லாத பக்கத்தில்தான் நான் உட்கார்ந்திருந்தேன். மரங்கள் பாதாளத்தில் முளைத்து எங்களையும் தாண்டி மேலே போயின. அவற்றின் பட்டை நீள நீளமாக உரிந்து தொங்கிற்று. உள்ளே தெரிந்த வெளிறிய தண்டு தோலுரித்த உடம்பை நினைவூட்டியது.

"அக்கா, காது மூடுது," என்றான் தம்பி.

அம்மா கண்ணை இறுக மூடிக்கொண்டு, ஜன்னலைக் கொஞ்சம் இறக்கச் சொன்னார். ஈரமும் குளிரும் எங்கள் படுக்கையறையின் மணமும் சேர்ந்து உள்ளே வந்தன. "மணக்குதோ அப்பன்? நல்லா மூச்சை இழு."

அவன் இழுத்தான்.

அன்ரி சொன்னது பொய்யில்லை. மேலே புல்வெளியும் செந்நிற மரங்களும் கல் பதித்த நடைபாதையும் அப்படியே அவர் வீட்டுப் படத்திலிருந்து எழுந்து வந்தவை போலிருந்தன. புல்வெளியின் ஓரத்தில் நின்றால் கீழே சமவெளி முழுவதும் கடல்வரை விரிந்திருந்தது. அன்ரி இரண்டு கைகளையும் மார்பில் வைத்துக்கொண்டு நின்றார். கண்கள் கலங்கியிருந்தன.

"எப்படி?" என்று அப்பாவைக் கேட்டார்.

அப்பா கீழே எட்டிப் பார்த்து, "நல்ல உயரம்," என்றார்.

தோட்டத்தின் ஒரு மூலையில் தோட்டக்காரர் உதிர்ந்த இலைகளைக் குவித்து எரித்துக்கொண்டிருந்தார். புகை புல்லை ஒட்டியே தவழ்ந்துவந்தது. தம்பி இருமினான். அம்மா அவன் கழுத்துத் துண்டை இறுக்கிக் கட்டினார்.

அன்ரி சான்ட்விச் கொண்டுவந்திருந்தார். அம்மா டப்பாவில் வரும் ரின்மீனில் கட்லட் பொரித்துப் பிஸ்கட் தகரத்தில் அடுக்கியிருந்தார். அன்ரி ஒன்றைக் கடித்து, அருமை என்றார். இரண்டாவதை எடுக்கும்போது தகரத்தின் அடியில் கிடந்த விரல் நீளத் துருப்பிடித்த ஆணியைக் கண்டுவிட்டார்.

"கடவுளே! இதற்குள் ஆணி கிடக்கிறது!"

அம்மா அப்பாவைப் பார்த்தார். அப்பா தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"இரும்புச்சத்துக்கு," என்றார்.

அங்கிள் சிரித்த சிரிப்பில் தொப்பி கழன்று விழுந்தது. பிள்ளைகள் யாராவது விழுங்கிவிடுவார்கள் என்று சொல்லி, ஆணியை எடுத்துச் செடிவேலிக்கு மேலால் வீசிவிட்டார். அம்மாவும் சிரித்தார். அந்தக் கணத்தில் அப்பா எடுத்த படம்தான் நான் முதலில் சொன்னது. உருப்பெருக்கிக் கண்ணாடி வைத்துப் பார்த்தால் தெரியும். அம்மாவின் வாய் சிரிக்கிறது. கண் கமராவைப் பார்க்கவில்லை. ஆணி போன பக்கத்தைப் பார்க்கிறது.

சாப்பிட்ட பிறகு பெரியவர்கள் காட்சி பார்க்கும் இடத்துக்கு எழுந்து போனார்கள். அங்கிள் கையை நீட்டி நீட்டித் தொழிற்சாலை எந்தப் பக்கம் என்று அப்பாவுக்குக் காட்டிக்கொண்டிருந்தார். தம்பி என் காதுக்குள் குசுகுசுத்தான்.

"அக்கா, ஒண்டுக்கு."

"அம்மாட்டச் சொல்லு."

"வெள்ளைக்கார அன்ரிக்குக் கேக்கும்."

கழிப்பறை எங்கே என்று எனக்குத் தெரியாது. கேட்க எனக்கும் கூச்சம். செடிவேலியில் ஓர் ஆள் நுழையும் இடைவெளி இருந்தது. அவனைக் கூட்டிக்கொண்டு அதற்குள் நுழைந்தேன்.

வேலிக்கு அப்பால் இங்கிலாந்து முடிந்துவிட்டது. நிலம் உடனே கீழே சரிந்தது. ஓலைபோல இலை விரித்த, தென்னையளவு உயரமான பன்னங்கள், பாசி படர்ந்து விழுந்துகிடக்கும் மரங்கள், காலடியில் மெத்தென்று அழுகிய பட்டைகள். வெளிச்சம் பச்சையாக இருந்தது. இரண்டு எட்டு வைப்பதற்குள் பெரியவர்களின் பேச்சுச் சத்தம் அறுந்துபோயிற்று.

தம்பி காற்சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டிருந்தபோது, கீழேயிருந்து 'டிக்' என்று ஒரு சத்தம். அப்பாவின் கமராச் சத்தம்.

"அப்பா படம் எடுக்கிறார்!" என்று அவன் சரிவில் இறங்கினான்.

அது அப்பா இல்லை. கோழி அளவில், மண்ணிறத்தில், நீண்ட வாலை இழுத்துக்கொண்டு ஒரு பறவை சருகைக் கிளறிக்கொண்டிருந்தது. எங்களைக் கண்டு ஓடவில்லை. கழுத்தை நீட்டி மறுபடியும் 'டிக்' என்றது. பிறகு ஒரு சாட்டை சொடுக்கும் ஒலி, பிறகு குக்கபரா என்ற பறவையின் சிரிப்பு, பிறகு கிளிகளின் கத்தல். அத்தனையும் அந்த ஒரு வாயிலிருந்து வந்தன. லயர் பறவை என்று இன்று எனக்குத் தெரியும். அன்று தெரியாது. மற்றவர்களின் குரலில் பேசுவதைப் பற்றி அம்மா சொன்னதுதான் நினைவுக்கு வந்தது. தம்பியோ கைதட்டிச் சிரித்துக்கொண்டு அதன் பின்னாலேயே போனான். நான் அவனைப் பிடித்துத் திருப்பியபோது மேலே வேலி இல்லை. மரங்களும் இல்லை. வெள்ளையாக இருந்தது.

பனிமூட்டம் வானத்திலிருந்து இறங்கும் என்று அதுவரை நினைத்திருந்தேன். அது எங்களைச் சுற்றிக்கொண்டு கீழேயிருந்தும் ஏறி வந்தது. முதலில் என் சப்பாத்துகள் மறைந்தன. பிறகு தம்பியின் இடுப்பு. மேலே ஏறுவதாக நினைத்து நடந்தோம். தரை ஏறியது, பிறகு இறங்கியது, பிறகு சேறாயிற்று. தம்பியின் ஒரு சப்பாத்தைச் சேறு இழுத்துக்கொண்டது. கையைவிட்டுத் துழாவியும் கிடைக்கவில்லை.

அப்போது அவன் நெஞ்சிலிருந்து அந்த மெல்லிய விசில் தொடங்கியது.

இழுப்பு வந்த பிள்ளையோடு இருந்தவர்களுக்கு அது தெரியும். முதலில் மூச்சை விடும்போது மட்டும் கேட்கும். பிறகு இழுக்கும்போதும். பிறகு தோள்கள் மேலேறும், கழுத்துக்குழி உள்ளே போகும். மருந்துப் போத்தல் அம்மாவின் கைப்பையில். அம்மா எந்தப் பக்கத்தில் என்று தெரியாது. அடியில் எரிந்து குகைபோலக் குடைந்திருந்த ஒரு பெரிய மரத்துக்குள் அவனை இருத்தி, என் ஜம்பரைக் கழற்றி அவனுக்குப் போட்டேன். அதிலிருந்த தைல மணத்தை முகர்ந்து பார் என்றேன். காடு முழுவதும் அதே மணம் வீசிக்கொண்டிருந்தது. அது ஒன்றையும் சுகப்படுத்தவில்லை.

பிறகுதான் கூப்பிடத் தொடங்கினார்கள்.

முதலில் வந்தது, "கூ... ஈ!" இந்த நாட்டில் காட்டில் தவறியவரைத் தேடுகிறவர்கள் அப்படித்தான் கத்துவார்கள் என்று அன்று எங்களுக்கு யார் சொல்லியிருந்தார்கள்? எங்கள் ஊரில் மனிதரை அப்படிக் கூப்பிடுவதில்லை. அது நாலா பக்கத்திலிருந்தும் நீண்டு நீண்டு வந்தது. தம்பி என் மடிக்குள் முகத்தைப் புதைத்தான்.

பிறகு என் பெயர். பள்ளிக்கூடத்தில் ஆசிரியை வாய்க்கு வசதியாக வெட்டிய என் அரைப்பெயர். ஓர் ஆண்குரல் இடதுபக்கத்தில் ஒரு தரம். வேறொரு குரல் தாழ்வில் ஒரு தரம். தெரியாத ஒரு பெண்குரல் தூரத்தில் ஒரு தரம். ஒவ்வொரு குரலுக்கும் ஒரு விரலை மடக்கி வைத்துக்கொண்டு காத்திருந்தேன். ஒரே குரல் மூன்று தரம் வரவேண்டும். அவர்கள் ஒரு இடத்தில் ஒருமுறை கத்திவிட்டு அடுத்த இடத்துக்குப் போய்க்கொண்டிருந்தார்கள்.

அங்கிளின் குரல் கிட்டவே கேட்டது. மிகக் கிட்ட. ஒரு தரம். நான் தம்பியின் கையை இறுக்கினேன். இரண்டாவது தரம்.

"அங்கிள்..." என்றான் தம்பி, விசிலோடு விசிலாக.

"பொறு. இன்னும் ஒண்டு."

மூன்றாவதற்குப் பதில் ஒரு சீழ்க்கை ஒலித்தது. பிறகு ஒன்றுமில்லை. இரண்டோடு நின்றுவிட்டது. அம்மா சொன்னது அப்படியே நடந்தது.

"அங்கிள் போறார் அக்கா."

"அது அங்கிளின்ர குரல். அங்கிள் இல்லை."

அவன் அழவில்லை. அழுவதற்கு மூச்சுப் போதவில்லை.

மேலே நடந்ததைப் பின்னாளில் அப்பாவும் அன்ரியும் தனித்தனியே எனக்குச் சொன்னார்கள். இருவர் சொன்னவையும் பெரும்பாலும் ஒத்துப்போகின்றன. தோட்டக்காரரும், அங்கே வந்திருந்த வேறு சிலரும், காட்டிலாகா மனிதர் ஒருவரும் சேர்ந்து தேடப் புறப்பட்டார்கள். காட்டிலாகாக்காரர் அம்மாவிடம் வந்து பிள்ளைகளின் பெயர் என்ன என்று கேட்டார். அம்மா வாயைத் திறக்கவில்லை. அவர் மெதுவாக, உரக்க, மறுபடி கேட்டார். அம்மா தலையை ஆட்டினார்.

"இவருக்கு ஆங்கிலம் தெரியாது," என்று அவர் மற்றவர்களிடம் சொன்னாராம். ஆங்கிலத்தில் இரசாயனம் கற்றுப் பட்டம் பெற்ற அம்மா கேட்டுக்கொண்டு நின்றார்.

அப்பா, "சொல்லுமன் பேரை!" என்றார்.

"சொல்லாதேங்கோ. உங்களைக் கும்பிட்டன். ஆணியையும் எறிஞ்சு போட்டினம். என்ர பிள்ளையளின்ர பேரை இந்தக் காட்டுக்குக் குடுக்கேலாது."

"விசர்க்கதை கதையாதையும். அவனுக்கு இழுப்பு!"

"தெரியும். தெரிஞ்சுதான் சொல்றன்."

அப்பா அதற்கு மேல் ஒன்றும் பேசவில்லையாம். ஏன் பேசவில்லை, நீங்களாவது பெயரைச் சொல்லியிருக்கலாமே என்று கேட்டேன். "உன்ர அம்மா என்ர சட்டைக்கையைப் பிடிச்ச பிடியில எனக்கும் பயம் வந்திட்டுது," என்றார். அரைப்பெயரைச் சொல்லிக் கொடுத்தது அன்ரிதான். அப்பா காட்டிலாகாக்காரரோடு கீழே ஓடைப்பக்கம் இறங்கிப் போனார். அன்ரியைக் காருக்குள் இருந்து ஹோர்ன் அடிக்கச் சொன்னார்கள். பனிமூட்டத்துக்குள் எங்களுக்கு அது கேட்கவேயில்லை.

வெளிச்சம் குறையத் தொடங்கியபோது அம்மா தனியே வேலியின் இடைவெளிக்குள் நுழைந்ததை, மூட்டம் சற்று விலகியபோது, அன்ரி கார்க்கண்ணாடிக்கூடாகக் கண்டிருக்கிறார். அம்மா முழங்காலில் இருந்து இரண்டு கையாலும் சருகைத் துழாவிக்கொண்டிருந்தாராம். அந்தப் பெண் பிரார்த்திக்கிறாள் என்று நினைத்து அன்ரியும் தலைகுனிந்துகொண்டார். அம்மா ஆணியைத் தேடிக்கொண்டிருந்தார்.

கிடைக்கவில்லை. எழுந்து சரிவில் இறங்கினார்.

இங்கே நான் அந்த எரிந்த மரத்துக்குள் திரும்பிப் போகவேண்டும். தம்பியின் உதடு நாவற்பழம் தின்றவன் உதடு போலிருந்தது. தலை என் தோளில் சரிந்து சரிந்து விழுந்தது. அப்போதுதான் அது கேட்டது. என் முழுப்பெயர். வெட்டாத, பிறப்புச் சான்றிதழில் உள்ள பெயர். மெல்பேணுக்கு வந்தபின் ஒரு வாயாலும் முழுதாகக் கேட்காத பெயர். அம்மாவின் குரலில்.

அம்மா எங்களை அப்படிக் கூப்பிடவே மாட்டார். அதுவும் மரங்களுக்குள். அதனால் அது அம்மா இல்லை என்று எனக்கு நிச்சயமாயிற்று. என்ர குரலிலயும் வரும் என்று அவரே சொல்லியிருக்கிறாரே.

இரண்டாவது தரமும் வந்தது. முதல் தரத்தைவிடக் கிட்ட, அதைவிடக் கரகரப்பாக.

"அக்கா," என்றான் தம்பி. "ஓம் சொல்லு."

"இன்னும் ஒண்டு."

"ஓம் சொல்லக்கா."

ஒன்றும் வரவில்லை. பன்னங்களிலிருந்து நீர் சொட்டியது. அவன் மூச்சு ஒன்று, நீண்ட இடைவெளி, பிறகு இன்னொன்று. அந்த இடைவெளியில் நான் அடைந்த பயத்தைப் பிறகு எந்த மரணவீட்டிலும் அடைந்ததில்லை. வராது, இரண்டோடு நின்றுவிட்டது, இனி ஒருபோதும் வராது என்று நினைத்தேன்.

மூன்றாவது தரம் கேட்டது.

"ஓம்!" என்று கத்தினேன். "ஓம்! ஓம்! ஓம்!"

பன்னங்களை உடைத்துக்கொண்டு அம்மா வந்தார். சேலை முழங்கால்வரை சேறு. போத்தலின் மூடியைப் பல்லால் திறந்து, கரண்டி இல்லாமல், அளவில்லாமல் அவன் வாயில் ஊற்றினார். பாதி அவன் கழுத்தில் சிவப்பாக வழிந்தது. அவனைத் தோளில் போட்டுக்கொண்டு, மற்றக் கையால் என் தலைமயிரைப் பிடித்தபடியே மேலே ஏறினார். கையைப் பிடிக்கவில்லை, மயிரைப் பிடித்தார். அது வலித்தது என்பதால் அது அம்மாதான் என்று நம்பினேன்.

அடிவாரத்தில் ஒரு டொக்டரின் வீட்டுக் கதவைத் தட்டி ஊசி போட்டார்கள். அவன் நிறம் திரும்பும்வரை அம்மா அந்த வாசற்படியில் நின்றார். சில வாரங்களில் அன்ரி வீட்டுக் கணப்புக்கு மேலிருந்த மலைப்படம் இல்லாமல் போயிருந்தது. அந்த இடத்தில் ஒரு கடிகாரம் இருந்தது.

அந்தக் கிழமை ஒருநாள் குசினியில் அம்மா அப்பாவிடம் சொல்வதைக் கேட்டேன்.

"நான் ரண்டு தரம்தான் கூப்பிட்டனான். மூண்டாந்தரத்துக்கு வாயைத் திறந்தன், தொண்டை அடைச்சுப் போச்சு. சத்தமே வரேல்லை. அதுக்குள்ள பிள்ளை ஓம் எண்டிட்டாள்."

நான் கதவருகில் நின்று, "மூண்டம்மா," என்றேன். "மூண்டாந்தரம் கேட்டுத்தான் ஓம் எண்டனான்."

அம்மா திரும்பிப் பார்த்தார். கையிலிருந்த கோப்பையை மெதுவாகக் கீழே வைத்தார்.

"போய்ப் படியுங்கோ பிள்ளை," என்றார்.

இதைப் பற்றி அவர் அதற்குப் பிறகு பேசியதில்லை. ஆனால் அன்றிலிருந்து எங்களைக் கூப்பிடும்போதெல்லாம் பெயரை மூன்று தரம் இடைவெளியில்லாமல் சேர்த்துக் கூப்பிட்டார். சாப்பிட, குளிக்க, தொலைபேசிக்கு, எதற்கும். பள்ளித் தோழிகள் என் பெயரே அவ்வளவு நீளம் என்று நினைத்தார்கள். பல வருடங்களுக்குப் பிறகு, அம்மா முதியோர் இல்லத்தில் இருந்தபோது, அங்கே வேலை செய்த பெண்ணும் என்னை அப்படியே மூன்று தரம் சேர்த்துத்தான் விளித்தாள்.

விசாரிக்கக்கூடியவர்களை விசாரித்துவிட்டேன். அந்த நேரத்தில் அப்பா ஓடையருகே இருந்தார், கூப்பிடவில்லை. அன்ரி காருக்குள் இருந்தார். என் முழுப்பெயரைச் சொல்ல அவருக்குக் கடைசிவரை நா வளையவில்லை. அங்கிள் உட்படத் தேடப்போன மற்றவர்களுக்கு அந்தப் பெயரே தெரியாது. லயர் பறவை காட்டில் பெரும்பாலும் மற்றப் பறவைகளின் குரலைத்தான் எடுக்கும் என்று நான் படித்த நூல்கள் சொல்கின்றன. இரண்டு தரம் கேட்டவுடன் ஒரு பெயரைப் பிடித்துக்கொள்ளும் என்று ஒன்றும் சொல்லவில்லை. சிட்னியில் செவன் ஹில்ஸில் இருக்கும் தம்பியைக் கடைசியாகக் கேட்டேன். அவனுக்கு ஞாபகமிருப்பது தன் மூச்சின் சத்தம் மட்டும்தானாம்.

அம்மா கூப்பிட்டது இரண்டு தரம். எனக்குக் கேட்டது மூன்று தரம். மூன்றாவது குரல் யாருடையது என்பதை என்னால் இதுவரை உறுதிப்படுத்த முடியவில்லை.